பூஞ்சைச் சமூகத்தின் தலைவர் யார்?

தீவுத் தாவர மீட்பு வாரியத்தில் அறுபத்துநான்கு பேர் வேலை பார்த்தார்கள். அதில் செடியைத் தொடுகிறவள் ஒருத்தி. மற்றவர்களில் பெரும்பாலோர், அவள் செடியைத் தொட்டது விதிப்படிதானா என்று பார்ப்பதற்காக நியமிக்கப்பட்டவர்கள்.

நாற்றங்காலில் அவளுக்குப் பதினோரு வருஷ வேலை. கை எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். வருகைப் பதிவேட்டில் அவள் கையெழுத்து மட்டும் மை கலைந்து பக்கத்துப் பெயர்மேல் வழிந்திருக்கும். அதனால் அவளுக்கு ஈரக்கை என்று பெயர் விழுந்தது. கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடும்படி இரண்டு சுற்றறிக்கைகள் வந்தன. துடைக்கத் துணி கேட்டு அவள் எழுதிய கடிதம் பரிசீலனையில் இருந்தது.

வாரியம் மீட்க வேண்டிய செடி ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் கல்முடி. படகில் ஒரு மணி நேரம் போனால் வரும் தீவில், பாறைச் சரிவில் மட்டும் வளர்கிற முழங்கால் உயரப் புதர். சாம்பல் நிற இலை, கடுகளவு வெள்ளைப் பூ. உலகத்தில் மொத்தமே முப்பத்தொன்று மிச்சம். அவற்றின் விதை தீவில் விழுந்தால் எலிகள் தின்றுவிடும். எனவே விதையைக் கொண்டுவந்து, நீராவியில் வேகவைத்த சுத்தமான மண்ணில் முளைக்கவைத்து, ஒரு வருஷம் வளர்த்து, 'ஓராண்டு நிறைவுச் சான்று' கொடுத்து, மறுபடி தீவில் நடுவது என்பது வாரியத்தின் திட்டம். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாற்றுகள்தான் தொண்ணூறு நாளைக்குமேல் உயிரோடு இருக்க மறுத்தன.

வாரியம் இதற்கெல்லாம் மனம் தளரவில்லை. இறந்த நாற்றுகளுக்கென்று பச்சை அட்டை போட்ட ஒரு மரணப் பதிவேடு இருந்தது. தொட்டி எண், இறந்த நேரம், இலையின் கடைசி நிறம், பொறுப்பாளர் கையெழுத்து என்று அழகாகக் கட்டம் போட்டது. அதைப் பார்த்துவிட்டு வேறு மூன்று வாரியங்கள் நகல் கேட்டு வாங்கிப் போயின. ஈரக்கை அதில் இதுவரை இரண்டாயிரத்துச் சொச்சம் மரணங்களை எழுதியிருந்தாள். எழுதி முடித்த அன்று மட்டும் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு வருஷம் எல்லா நாற்றும் செத்து, நூற்றுப் பதினேழாம் தொட்டி மட்டும் நின்றது. தொண்ணூறு நாள் தாண்டியது, நூற்றைம்பது தாண்டியது, ஒன்பதாம் மாதம் பக்கக்கிளையும் விட்டது. இவள் தினமும் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பாள். என்ன வித்தியாசம் என்று யோசித்து யோசித்து, ஒரு நாள் அவளுக்கு நினைவு வந்தது. விதை எடுக்கத் தீவுக்குப் போய்த் திரும்பிய அன்று வாசல் குழாயில் தண்ணீர் வரவில்லை. செருப்பில் அப்பியிருந்த மண்ணை ஒரு குச்சியால் சுரண்டித் தட்டினாள். அது விழுந்த இடம் நூற்றுப் பதினேழு.

அவள் ஆய்வகப் பெண்ணிடம் போனாள். வாரியத்தில் நுண்ணோக்கி வைத்திருந்த ஒரே ஆள் அந்தப் பெண். மற்றவர்கள் அதைக் காகிதம் பறக்காமல் இருக்கக் கேட்டு வாங்கிப் போவார்கள். அவள் அந்தச் செடியின் வேரில் ஒரு நுனியை வெட்டி, வினிகரும் பேனா மையும் கலந்து ஊறவைத்து, கண்ணாடியில் வைத்துக் காட்டினாள்.

"வேருக்குள்ள நீலமா நூல் நூலா போகுது பாருங்க அக்கா. அதெல்லாம் பூஞ்சை. செடியோட வேர் போக முடியாத சந்துலயெல்லாம் இது போயி தண்ணியும் சத்தும் எடுத்துட்டு வந்து செடிக்குக் குடுக்கும். செடி பதிலுக்குச் சர்க்கரை குடுக்கும். அந்தப் பாறையில கல்முடி நிக்கறதே இதை வெச்சுத்தான்."

"அப்ப இவ்வளவு நாளா நாம?"

"மண்ணை வேகவெச்சு இதைத்தான் கொன்னுட்டிருந்தோம்."

ஈரக்கை நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. இரண்டாயிரம் சாவுக்கும் தானே நேரம் குறித்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஆனால் கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. இதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். நேரே சுகாதார அதிகாரியிடம் போனாள்.

"சார், நூத்திப் பதினேழு சாகாததுக்குக் காரணம் தெரிஞ்சிடுச்சு. வேர்ல பூஞ்சை இருக்கு."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "பூஞ்சையா! எத்தனை நாளா?"

"ஒம்பது மாசமா."

"ஒம்பது மாசமா நோய் இருந்திருக்கு, இப்ப வந்து சொல்றியேம்மா?"

"நோய் இல்ல சார். அதுதான் செடியைக் காப்பாத்திட்டிருக்கு."

"பூஞ்சைன்னா நோய். நம்ம நோய்ப் பட்டியல்ல முதல் பேரே அதுதான்."

"செடி நல்லா இருக்கு சார். வந்து ஒரு தடவை பாருங்க."

"நோயாளி நல்லா இருந்தா நோய் இன்னும் பலமா இருக்குன்னு அர்த்தம்" என்றார் சுகாதார அதிகாரி. இருபத்திரண்டு வருஷ அனுபவம் அவருக்கு.

மதியத்துக்குள் நாற்றங்கால் முழுக்கப் பூஞ்சைக்கொல்லி அடித்தார்கள். நூற்றுப் பதினேழாம் தொட்டியை இரண்டு பேர் முகமூடி போட்டுக்கொண்டு நீராவி அடுப்புக்குத் தூக்கிப் போனார்கள். ஈரக்கை குறுக்கே போய் நின்று தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் சுகாதார அதிகாரி அறிக்கை எழுதினார்: 'நோய் முழுமையாக நீங்கியது. செடி இறந்தது.'

அன்று இரவு அவள் வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவள் கணவர் ரொட்டி சுடுகிறவர். பேக்கரியில் இருந்து வந்து, மாவு அப்பிய சட்டையைக்கூடக் கழற்றாமல் முழுக் கதையையும் கேட்டார்.

"பூஞ்சைன்னா நோயாமா? ஈஸ்ட் என்ன, தேவலோகத்துல இருந்தா வருது? அதுவும் பூஞ்சைதான். அது இல்லன்னா உங்க அதிகாரி காலையில திங்கற ரொட்டி செங்கல்லு மாதிரி இருக்கும். சொல்லிப் பாத்தியா?"

"சொன்னா ரொட்டிக்கும் அடிச்சிடுவாங்க மருந்து."

"சரி, விடப்போறியா?"

"விடறதா? இந்தத் தடவை எரநூத்திப் பன்னெண்டு முளைச்சிருக்குங்க. இன்னும் ரெண்டு மாசத்துல எல்லாம் சாகும். எழுதிக் கேக்கப் போறேன். ஒரு வாளி மண்ணு. அவ்வளவுதான்."

தீவிலிருந்து மண் கொண்டுவர விண்ணப்பம் ஒன்று இருந்தது. மண்ணில் உள்ள உயிர்களின் விவரம் என்ற கட்டத்தில் ஆய்வகப் பெண், 'பூஞ்சைச் சமூகம், சுமார் நாற்பது வகை' என்று உண்மையை எழுதிக் கொடுத்தாள். அங்கேதான் சிக்கல் முளைத்தது. பதிவாளர் ஈரக்கையைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேஜையில் மூன்று நிறத்தில் மை இருந்தது. எது எதற்கு என்று அவருக்கு மட்டும் தெரியும்.

"சமூகம்னு போட்டிருக்கீங்க. பதிவு பண்ணின சமூகமா?"

"பூஞ்சை சார். மண்ணுக்குள்ள இருக்கு."

"எங்க இருந்தா என்னம்மா? சமூகம்னா நிர்வாகிகள் இருக்கணும். தலைவர் யாரு?"

"தலைவர்னு யாரும் இல்ல சார். நாப்பது வகையும் சேந்து இருக்கு."

"தலைவர் இல்லாம நாப்பது பேர் எப்படிச் சேந்து இருக்க முடியும்? இந்த வாரியத்தையே எடுத்துக்கங்க. இயக்குநர் ஒரு மாசம் வரலைன்னா இங்க என்ன நடக்கும்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "ஒண்ணும் நடக்காது சார்."

"அதான் சொல்றேன்."

"அவர் வந்தாலும் நடக்காது சார்."

இதைப் பதிவாளர் எந்த மையிலும் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்த கேள்விக்குப் போனார்.

"நிரந்தர முகவரி?"

"வேர்."

"கடைசியா எப்ப கூட்டம் நடந்தது?"

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. "போன மழையில."

"என்ன தீர்மானம்?"

"செடிக்குத் தண்ணி குடுக்கறதுன்னு."

"ஒருமனதாவா?"

"ஆமா சார். இந்த வாரியத்துல அப்படி ஒரு தீர்மானம் வந்ததே இல்ல."

பதிவாளர் அனைத்தையும் சிவப்பு மையில் எழுதி, தலைவர் பதவி காலியாக இருப்பதால் முடிவெடுக்க இயலவில்லை என்று குறிப்பெழுதி, கோப்பை இயக்குநருக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து விசாரணைக் கூட்டம் நடந்தது. அதற்குள் நாற்றுகளின் அடியிலை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

இயக்குநர் நீளமான மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார். பேச எழுந்ததும் எல்லோரும் பேனாவைத் திறந்தார்கள்.

"நான் இந்தப் பொறுப்புல பதினாலு வருஷமா இருக்கேன். இந்தப் பதினாலு வருஷத்துல விதிக்குப் புறம்பா ஒரு செடிகூட இந்த வளாகத்துல உயிரோட இருந்ததில்லைன்னு பெருமையா சொல்லுவேன். விதிப்படியும் இருந்ததில்ல, அது வேற விஷயம். ஒரு செடி செத்தா நமக்குப் பதிவேடு இருக்கு, படிவம் இருக்கு, யார் எங்க கையெழுத்துப் போடணும்னு தெளிவா இருக்கு. ஆனா ஒரு செடி பொழைச்சா? யார் பதில் சொல்றது? எந்தப் படிவத்துல? இதையெல்லாம் யோசிக்காம சிலர் உணர்ச்சிவசப்படறாங்க. உயிரைக் காப்பாத்தறது முக்கியந்தான், மறுக்கல. அதுக்காக வாரியத்தோட வேலை கெட்டுடக் கூடாது."

மேஜையைத் தட்டினார்கள். தீர்ப்பு வாசிக்கப்பட்டது. ஒரு வாளி தீவு மண்ணுக்கு அனுமதி உண்டு. ஆனால் வளாகத்துக்குள் வருமுன் அதை மூன்று முறை நீராவியில் வேகவைக்க வேண்டும்.

ஈரக்கை எழுந்து நின்றாள். "சார், மண்ணுல இருக்கற உயிருக்காகத்தான் மண்ணையே கேட்டேன். வேகவெச்ச மண்ணு இங்க மலை மாதிரி கெடக்கு. ஆளு வேணாம், சட்டையை மட்டும் வேலைக்கு அனுப்புன்னு சொல்றீங்களே!"

அங்கே பலர் அப்படித்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்ததால் அந்த உவமை யாருக்கும் உறைக்கவில்லை.

"அப்ப செடியையாவது தீவுக்குக் கொண்டுபோக விடுங்க."

"ஓராண்டு நிறைவுச் சான்று இருக்கா?" என்றார் பதிவாளர்.

"ஒரு வருஷம் உயிரோட இருந்தாத்தானே சான்று?"

"சான்று இருந்தாத்தானே உயிரோட வெளிய போகலாம்?"

கூட்டம் முடிந்தது.

நாற்றங்காலுக்குத் திரும்பி வந்து அவள் விதிப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அதை முதன்முறையாக முழுக்கப் படித்தாள். உயிருள்ள செடி வெளியே போக நாற்பத்தேழு விதிகள் இருந்தன. இறந்த செடிக்கு ஒன்றே ஒன்று: இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வளாகத்தை விட்டு அகற்றப்பட வேண்டும். எங்கே என்று சொல்லவில்லை.

அவள் பச்சைப் பதிவேட்டைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு மரணங்களையும் எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. இலையின் கடைசி நிறம் என்ற கட்டத்தில் 'பச்சை' என்று எழுதினாள். பொய் எழுத வேண்டியது ஒரு கட்டத்தில் மட்டும் போதும் என்று தோன்றியது. சுகாதார அதிகாரி ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். தலை நிமிரவே இல்லை.

"இந்தத் தடவை சீக்கிரமே போயிடுச்சா?"

"ஆமா சார். ஒரே நாள்ல."

"நல்லது. வேலை முடிஞ்சுது."

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னாள். "ஏங்க, நாளைக்கு லீவு போடுங்க. எரநூத்திப் பன்னெண்டு பேரை அடக்கம் பண்ணணும்."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா மாட்டிக்கறேன். இனிமே உயிரோட இருக்கறதுக்குச் சாவு நேரம் குறிச்சுட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது."

காலை பத்து மணிக்கு, எல்லோரும் பார்க்க, தொட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். வாசல் காவலர் சீட்டைப் படித்துவிட்டு வண்டியை எட்டிப் பார்த்தார்.

"இறந்த செடின்னு போட்டிருக்கு. பச்சையா இருக்கே?"

"அதிகாரி கையெழுத்து இருக்குல்ல?"

காவலர் கையெழுத்தை உற்றுப் பார்த்தார். "இருக்கு. அப்ப செத்ததுதான்." கதவைத் திறந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் நின்றதுபோலவும் இருந்தது.

அவள் தம்பி படகோட்டுகிறவன். அவன் படகில் தொட்டிகளையும் கணவரையும் ஆய்வகப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போனார்கள். மழைக்காலத்தின் முதல் வாரம். பழைய கல்முடி ஒவ்வொன்றையும் சுற்றி, அதன் வேரைக் காயப்படுத்தாத தூரத்தில், பாறை இடுக்குகளில் குழி பறித்தார்கள். தாய்ச்செடியின் அடியில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் குழிக்குள் போட்டு அதன்மேல் நாற்றை வைத்தார்கள்.

"வேரோட வேர் சேந்துட்டா போதும் அக்கா. மிச்சத்தை அதுங்க பாத்துக்கும்" என்றாள் ஆய்வகப் பெண்.

கணவர் மாவு பிசைகிற பழக்கத்தில் மண்ணை இரண்டு தட்டுத் தட்டி அமுக்கினார். தம்பி தண்ணீர் சுமந்து சுமந்து அலுத்துப் போனான். "செத்ததுக்கு இவ்வளவு தண்ணி ஊத்தி இப்பத்தான் பாக்கறேன் அக்கா."

"பேசாம ஊத்துடா."

மூன்று நாள் ஆனது. அவளுக்கு முட்டி வீங்கிவிட்டது. விடுப்பு விண்ணப்பத்தில் காரணம், 'துக்கம்' என்று எழுதியிருந்தாள்.

வாரியம் வருஷத்துக்கு ஒரு முறை கல்முடிகளை எண்ணும். தீவில் இறங்கினால் செருப்பில் மண் ஒட்டும் என்பதால் படகிலேயே நின்று தொலைநோக்கியில் எண்ணுவார்கள். அந்த வருஷம் முப்பத்தொன்று என்று எழுதினார்கள். புதிய செடிகள் அப்போது பாறைக்குமேல் தலை தூக்கவில்லை. அடுத்த வருஷம் எண்ணியபோது இருநூற்றுப் பதினான்கு வந்தது. தொலைநோக்கியைத் துடைத்துவிட்டு எண்ணினார்கள். அப்போதும் அதேதான்.

இயக்குநர் மறுநாளே அறிக்கை தயாரித்துவிட்டார். 'வாரியத்தின் தூய்மை முறைக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி' என்று தலைப்பு. பதிவாளர்தான் சந்தேகத்தைக் கிளப்பினார். நட்டதற்கு ஒரு தாள்கூட இல்லையே, கூடுதலாக உள்ள நூற்றெண்பத்துமூன்றும் எங்கிருந்து வந்தன? பதிவேட்டைப் புரட்டி, ஒரே நாளில் பச்சையாகவே செத்த இருநூற்றுப் பன்னிரண்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இயக்குநர் ஈரக்கையை அழைத்தார். முதல் முறையாக உட்காரச் சொன்னார்.

"செஞ்சது தப்பு. ஆனா நான் பெருந்தன்மையானவன். நாற்றுகள் நம்ம சுத்தமான மண்ணுலதான் வளந்ததுன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. பதவி உயர்வு குடுக்கறேன். முதுநிலைக் கண்காணிப்பாளர். இனிமே நீங்க செடியைத் தொடவே வேண்டாம்."

"பூஞ்சை?"

"அதைப் பத்தி எங்கயும் எழுத வேண்டாம். அது நம்ம பட்டியல்ல நோய்."

ஈரக்கை தாளைப் படித்தாள். திருப்பி மேஜையில் வைத்தாள். "இதுல நான் கையெழுத்துப் போட்டா, அடுத்து வர்றவ மறுபடி நானூறு விதையை வெந்த மண்ணுல போடுவா. முளைக்கறது அத்தனையும் சாகும். அவளும் உக்காந்து நேரம் குறிப்பா. முடியாது சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"பதினோரு வருஷம் யோசிக்காம இருந்தேன். அது போதும்."

வாரியம் அவசரமாகக் கூடியது. இறந்த செடிகள் உயிரோடு இருப்பதால் பதிவேட்டின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்பட்டிருப்பதாகக் கருதி, 'பதிவேட்டின்படி இறந்த செடிகளைத் தீவிலிருந்து அப்புறப்படுத்துக' என்று உத்தரவிட்டது. சுகாதார அதிகாரி, மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள், அடையாளம் காட்ட ஈரக்கை என்று நான்கு பேர் போனார்கள். சுகாதார அதிகாரி தீவில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சரிவெல்லாம் சாம்பல் நிறத்தில் அலை அலையாக நின்றது. கொஞ்சம் பூத்தும் இருந்தது.

"எதும்மா செத்தது? காட்டு."

"பதிவேட்டுல இருக்கறது உங்க கையெழுத்து சார். நீங்கதான் காட்டணும். உயிரோட இருக்கறதைப் பிடுங்கக் கூடாது. அது நம்ம முதல் விதி. ஒண்ணு தப்பாப் பிடுங்கினாலும் நான் எழுதிக் குடுப்பேன்." அவள் பாறைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

சுகாதார அதிகாரி குனிந்து ஒரு கிளையை நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சை. அடுத்ததைக் கீறினார். பச்சை. செத்த ஒன்றாவது அகப்படாதா என்று மத்தியானம்வரை சரிவில் தவழ்ந்து தவழ்ந்து இருநூற்றுப் பதினான்கையும் பார்த்தார். ஆட்கள் மண்வெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கிவிட்டார்கள். கடைசியில் அவர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கால்சட்டை முழுக்க மண்.

"எல்லாம் உயிரோட இருக்கும்மா" என்றார், புகார் சொல்வதுபோல.

"ஆமா சார்."

"இப்ப நான் என்னத்தை எழுதறது?"

"பாத்ததை எழுதுங்க."

"அதுக்குப் படிவம் இல்லையே."

அவள் தன் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் படிவ எண்ணைத் தேடினார். பிறகு, 'நேரில் பார்த்தேன். இறந்த செடி ஒன்றுகூட இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படிவ எண் இல்லாத அந்தத் தாளை வாரியம் ஏற்க மறுத்தது. ஆனால் தன் அதிகாரியே உயிரோடு இருப்பதாக எழுதிய செடிகளைப் பிடுங்கவும் துணியவில்லை. மிச்சம் இருந்தது ஈரக்கைதான். இரண்டு மாதம் கழித்து, வாரக் கடைசியில் அவளுக்குப் பணிநீக்கக் கடிதம் வந்தது. இறந்த செடிகளை அனுமதியின்றி உயிரோடு வைத்திருந்த குற்றம். செடி ஒன்றுக்குக் குற்றம் ஒன்று வீதம், மொத்தம் நூற்றெண்பத்துமூன்று குற்றங்கள். பதில் ஏதும் இருந்தால் ஏழு நாளுக்குள் எழுதலாம்.

சாப்பாட்டு மேஜையில் அவள் அதை உரக்கப் படித்தாள். கணவர் வாயில் வைத்த ரொட்டியை மெல்ல மறந்தார். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நூத்தி எம்பத்துமூணு குத்தமா? கொலைகாரனுக்குக்கூட இவ்வளவு போட மாட்டாங்களே அக்கா!"

"கணக்குத் தப்பா இருக்குடா" என்றாள் ஈரக்கை. "முந்தாநாள் உன் படகுலதான போனேன். எண்ணிட்டுத்தான் வந்தேன். நம்ம செடிங்களோட நிழல்ல, எலி கண்ணுக்குத் தப்பி, தானாவே பதிமூணு முளைச்சிருக்கு."

அவள் பேனாவை எடுத்தாள். கையைத் துடைக்காமலே எழுதினாள்.

'ஐயா, தங்கள் கடிதத்தில் குற்றங்களின் எண்ணிக்கை பிழையாக உள்ளது. பதிமூன்று விடுபட்டுள்ளன. சேர்த்துக்கொள்ளவும். மழைக்குப் பிறகு மேலும் கூடும் என்பதையும் இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.'